யாரும் சாப்பிடாத புட்டிங்

பழைய பல்லாவரத்தில் ரத்தினபாய் டீச்சருக்குக் கோபம் வந்தால் அது செய்தி இல்லை. வராத நாளில்தான் தெருவில் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். பால்காரர் தண்ணீர் கலந்தால் கோபம், கலக்காமல் கொடுத்தால், "இன்னைக்கு மட்டும் எப்படி முடிஞ்சது?" என்று அதற்கும் கோபம். விமானம் தலைக்கு மேல் தாழப் பறக்கும்போது ஊரில் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். டீச்சர் நிறுத்த மாட்டார். விமானத்துக்கு மேலே குரலை ஏற்றிவிடுவார்.

பம்மலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு மண்டையில் ஏறியது அவருடைய ஸ்கேல் புண்ணியத்தில்தான். அந்தப் பிள்ளைகள் இப்போது பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கி, மீசை வைத்து, தொப்பையும் போட்டுவிட்டார்கள். ஆனாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் டீச்சரைக் கண்டால் பைக்கை ஓரங்கட்டி, சிகரெட்டைக் காலடியில் போட்டு மிதித்துவிட்டு, "வணக்கம் டீச்சர்" என்பார்கள். அந்த வணக்கத்தில் பாதி மரியாதை, பாதி பயம். டீச்சர் மொத்தத்தையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

2006 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கேட்டுக்கு உள்ளே விழுந்து கிடந்த பத்திரிகையை டீச்சர் எடுத்தார். தாம்பரம் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு சும்மா எறிந்துவிட்டுப் போவார்களே, அந்த வாரப் பத்திரிகை. முக்கால்வாசி மனை விளம்பரம், மீதியில் குடிநீர்ப் புகார். மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு: 'பழைய பல்லாவரம்: நாக்கு இனிக்க ஆறு இடங்கள்'. வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்த காலத்துத் தெருக்கள், அந்தத் தெருக்களுக்குள் இன்றைக்கும் ஒளிந்திருக்கும் தித்திப்பு என்று ஆரம்பித்து, மசூதித் தெருவில் ரவையும் முட்டையும் சேர்த்துச் சுடும் தம்ரூட், வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடைசி வரிசைக்காரர் கொண்டுவரும் பால்கோவா, கன்டோன்மென்ட் பக்கத்து பேக்கரியின் தேங்காய் பன் என்று வரிசை போட்டிருந்தது. வரிசையின் தலையில், ஒன்றாவது இடத்தில், அவருடைய பெயர்.

'ரத்தினபாய் டீச்சரின் கருப்பட்டிப் புட்டிங். எந்தக் கடையிலும் கிடைக்காது. வருஷத்தில் ஒரே நாள், சர்ச் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் மட்டும். "வாயில் வைத்தால் நாக்கிலேயே கரையும்" என்கிறார், பல தடவை அதை ஏலத்தில் எடுத்த சபைச் செயலாளர் ஜெபராஜ்.' கட்டுரையை எழுதியவர் ஸ்டெபின் என்று அடியில் போட்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃபிரேம் போட்டிருப்பார்கள். டீச்சருக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "பொய்!" என்று வாசலில் நின்றபடியே கத்தினார். "எழுத்துக்கு எழுத்து பொய்!"

அவர் சொன்னது சரிதான். அந்தப் புட்டிங்கைப் பதினோரு வருஷமாக ஒரு மனுஷர்கூட சாப்பிட்டதில்லை.

அதற்கு முன்னால் சாப்பிட்டவர் ஒருவர் உண்டு. டீச்சரின் கணவர் வேதசிரோமணி, தாம்பரம் ரயில்வே யார்டில் வேலை. நாசரேத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் மாதமே டீச்சர் அவருக்கு அந்தப் புட்டிங்கைச் செய்துகொடுத்தார். ஆறு முட்டை, தேங்காய்ப்பால், ஊர்க் கருப்பட்டி, ஏலக்காய். ஒரு சின்னத் தூக்கில் ஊற்றி இட்லிப் பானைக்குள் வைத்து அரை மணி நேரம் அவித்தால் தீர்ந்தது. இறக்கும்போது தளதளவென்று ஆடும். தட்டில் கவிழ்த்தால் நிற்காது, ஒரு பக்கமாகச் சரியும். அது சரிவதற்குள் அந்த மனுஷர் தூக்கோடு மடியில் வைத்துக்கொண்டு கரண்டி போட ஆரம்பித்துவிடுவார். சாப்பிட்டு முடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் ஒரே குறை: "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்." ஒவ்வொரு தடவையும் டீச்சர் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்குப் போவார். இருபத்து நாலு வருஷம் அந்தச் சண்டை நடந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சண்டை போடவும் சமாதானமாகவும் ஒருவருக்கு ஒருவர்தான் இருந்தார்கள். 1995ல் ஒரு நாள் டியூட்டிக்குப் போனவர் மாரடைப்பு வந்து, பொணமாகத்தான் வீடு திரும்பினார்.

அதன்பிறகு டீச்சர் வீட்டில் அந்தப் புட்டிங் அவிக்கவில்லை. தனக்கென்று செய்துகொள்ள மனசு வரவில்லை. ஆனால் விளைந்ததைச் சபைக்குக் கொடுத்து ஏலம் விடும் அந்த வருஷ அறுப்பின் பண்டிகை வந்தபோது, சபையில் எல்லோரும் கோழியும் பூசணிக்காயும் வாழைத்தாரும் காணிக்கையாகக் கொண்டுபோக, நமக்கு என்ன விளைகிறது, இது ஒன்றுதான் விளைகிறது என்று புட்டிங்கைக் கொண்டுபோனார். யாராவது ஒரு குடும்பம் ஏலத்தில் எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், சுற்றி உட்கார்ந்து சாப்பிடட்டும். நல்லா இருக்கு என்று சொல்லட்டும், இல்லை ஏலக்காய் தூக்கல் என்றாவது சொல்லட்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சபைக்குப் போகும் பண்டம் ஆறு முட்டையில் இருந்தால் கேவலமாக இருக்காதா? நாலு மடங்காக்கினார். இருபத்து நாலு முட்டை, பெரிய எவர்சில்வர் தூக்கு, அடுப்பில் இரண்டு மணி நேரம். காணிக்கைப் பண்டத்தில் விரல் வைத்து ருசி பார்ப்பது தப்பு என்பது அவருடைய கொள்கை. வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லை என்று சபைப் பாதிரியாரான ஐயர் சொல்லியும் கேட்கவில்லை. "உங்க வேதத்தில் இல்லாட்டி போகட்டும், என் சமையல்கட்டுல இருக்கு" என்றுவிட்டார்.

முதல் வருஷம் சர்ச் வளாகத்துப் பந்தலில் தட்டில் கவிழ்த்ததும், புட்டிங் தூண் போல நின்றது. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. சபையே கழுத்தை நீட்டிப் பார்த்தது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. சிமெண்ட் வியாபாரி ஜெபராஜ் கையைத் தூக்கி எடுத்தார். எடுத்தவர் எழுந்து நின்று, மார்பில் கை வைத்து, "இதைக் கர்த்தருக்கே திருப்பிக் கொடுக்கிறேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அங்கே பிடித்தது வினை. ஏலத்தில் எடுத்த பண்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். சர்ச்சுக்கு இன்னொரு தடவை வருமானம், கொடுத்தவருக்கு இன்னொரு தடவை பெயர். ஜெபராஜ் கொடுத்ததை பேங்க் ஆபீஸர் அசரியா எடுத்தார். அவர் மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவாரா? அவரும் கர்த்தருக்குக் கொடுத்தார். மறுபடியும் ஜெபராஜ். இந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கர்த்தரைப் பந்து விளையாடியதில் மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. தகரப் பந்தல் வெயிலில் புட்டிங் அத்தனை நேரமும் ஆடாமல் அசையாமல் நின்றது. "டீச்சர் கை பக்குவம் பாருங்க, எப்படி நிக்குது!" என்று ஜனங்கள் அசந்துபோனார்கள். கடைசியில் அது மறுபடி தூக்குக்குள் போய், ஜெபராஜின் சுமோவில் ஏறிப்போனது. மறுநாள் தூக்கைத் திருப்பிக் கொண்டுவந்த டிரைவர் விவரம் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்: "வண்டிலயே மறந்துட்டாங்க டீச்சர். ராத்திரி நாய்க்குப் போட்டோம். மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் அதே கதை. அதற்கடுத்த வருஷமும். ஆறாவது வருஷம் ஐயரிடம் போய், "என் பண்டத்தை யாரும் திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு அறிவிச்சிடுங்க" என்று கேட்டார். "காணிக்கை பெருகுதே டீச்சர், அது நல்லதுதானே" என்று அவர் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டார். சபையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எவளாவது ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புட்டிங் மாதிரி வருமா!" என்பாள். நீ சாப்பிட்டாயா என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வாள். கொண்டுபோவதை நிறுத்திவிடலாமே என்று கேட்பீர்கள். டீச்சருக்கு அது வேறு ரோஷம். ஒரு வருஷமாவது எவனாவது ஒருத்தன் சாப்பிட்டுத் தொலைய மாட்டானா என்று பதினோரு வருஷம் இருபத்து நாலு முட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில்தான் 'நாக்கிலேயே கரையும்' என்று பத்திரிகையில் வந்திருந்தது. ஸ்டெபின் யார் என்பதும் டீச்சருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஏழாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு, பின்னக் கணக்கில் எப்போதும் கீழே இருப்பதை மேலே போடுகிற பையன். பத்திரிகை ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொன்னார். அவன் இருபத்தாறு வயசு ஆள், பைக்கில் வந்தான், உள்ளே வந்ததும் தன்னையறியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நீ என் புட்டிங்கைச் சாப்பிட்டியா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன எப்படி எழுதின?"

"ஜெபராஜ் சார் சொன்னாரு டீச்சர். சர்ச்சில எல்லாருமே சொன்னாங்க."

"எல்லாரும் சொன்னா? விடையை மட்டும் எழுதி வச்சா நான் மார்க் போட்டிருக்கேனா உனக்கு? வழி எங்க? ஆறு இடம்னு போட்டிருக்கியே, எத்தனை இடத்துல சாப்பிட்ட?"

ஸ்டெபின் தரையைப் பார்த்தான். "மூணு, டீச்சர்."

"வெட்கமா இல்ல? போ. பண்டிகை அன்னைக்கு வந்து நில்லு. உனக்கு ஒரு கரண்டி தரேன். சாப்பிட்டுட்டு எழுது. உன் ஜெபராஜ் சாரையும் சாப்பிட வைக்கிறேன், பாரு."

செப்டம்பரில் பண்டிகை வந்தது. அந்த வருஷம் பந்தலில் வழக்கத்தைவிடக் கூட்டம். பத்திரிகையைப் பார்த்துவிட்டு, சபைக்குச் சம்பந்தமில்லாதவர்கள்கூட, கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பாத்திரத்தோடு, வந்திருந்தார்கள். புட்டிங் தட்டில் நின்றது. டீச்சர் முன்வரிசையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியும், ஒரு கட்டு பேப்பர் தட்டும் இருந்தன.

ஜெபராஜ் எடுத்தார், கர்த்தருக்குக் கொடுத்தார். அசரியா எடுத்தார், கர்த்தருக்குக் கொடுத்தார். மறுபடி ஜெபராஜ் எடுத்து, எழுந்து நின்று, மார்பில் கை வைத்தபோது டீச்சரும் எழுந்தார். நேரே மேஜைக்குப் போனார். பையைத் திறந்து கரண்டியை எடுத்து, புட்டிங்கின் உச்சியில் ஒரே குத்தாகக் குத்தினார்.

அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. டீச்சர் அதற்கு மேலே கத்தினார்.

"கர்த்தருக்கு எத்தனை தடவைய்யா கொடுப்பீங்க? அவர் என்ன, வேணாம் வேணாம்னு திருப்பி அனுப்புறாரா? இது தின்றதுக்குச் செஞ்சது! பதினோரு வருஷமா உங்க ரெண்டு பேர் பவுசுக்கு நான் முட்டை உடைச்சிக்கிட்டிருக்கேன். நாக்குலயே கரையும்னு பேப்பர்ல சொன்னீங்களே ஜெபராஜ் சார், இந்தாங்க. கரையுதா பாப்போம்."

ஜெபராஜ் தட்டை வாங்கிக்கொண்டார். வேறு வழி? ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, "பிரமாதம் டீச்சர்" என்றார். அசரியாவுக்கு ஒரு தட்டு. "அருமை, அருமை." ஐயருக்கு ஒன்று. "ஆண்டவர் உங்க கையை ஆசீர்வதிப்பாராக." ஸ்டெபின் பக்கத்திலேயே நின்றான். "சூப்பர் டீச்சர்" என்றான். அப்புறம் வரிசை கட்டி வந்தார்கள். கோவிலம்பாக்கத்துக் குடும்பம், பாடகர் குழு, ஞாயிறு பள்ளி டீச்சர்கள், எல்லோரும். எல்லோர் வாயிலும் நல்ல வார்த்தை.

அந்தக் கால் மணி நேரம் ரத்தினபாய் டீச்சர் வாழ்க்கையில் கோபம் இல்லாத நேரம். அவர் சிரித்ததைப் பார்த்த பாடகர் குழுப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். இந்தா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று அவராகவே கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த மனுஷர் இருந்திருந்தால் ஓரமாக நின்று, ஏலக்காய் தூக்கல் என்று வாயசைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

கை கழுவக் குழாயடிக்குப் போனார். சுற்றுச்சுவரின் மேல் பேப்பர் தட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. செம்பருத்திச் செடிக்குக் கீழே நாலு. நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டது ஏழெட்டு. ஒவ்வொரு தட்டிலும் புட்டிங் அப்படியே இருந்தது, ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு கடி. ஜெபராஜின் தட்டு எது என்றுகூட டீச்சருக்குத் தெரிந்தது. அதன்மேல் அவருடைய வெற்றிலைக் கறை இருந்தது.

யாரிடமும் எதுவும் கேட்காமல் மிச்சத்தைத் தூக்கில் போட்டு மூடிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு நடந்தார்.

கேட்டில் அங்காளம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நீலாங்கரைக் குப்பத்துக்காரி. ஞாயிறும் புதனும் மீனோடு வருவாள், சர்ச் விட்டு டீச்சர் வருகிற நேரம் அவளுக்கு அத்துப்படி.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டி தொங்கிகினு கீது? வஞ்சிரம் கீது, பாரு."

டீச்சர் மீனைப் பார்க்கவில்லை. தூக்கைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். "இதைச் சாப்பிட்டுப் பாரு."

அங்காளம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, முழுசாக வாயில் போட்டாள். ஒரு மெல்லுதான். எழுந்து போய்ச் சாக்கடையோரம் துப்பிவிட்டு வந்தாள்.

"ஐயே! இன்னாம்மா இது, செருப்பு ரப்பர் கணக்கா? முட்ட நாத்தம் கொடல புடுங்குது. மீன் விக்கிறவ நானே சொல்றேன்னா பாத்துக்க."

"வாயை மூடுடி!" டீச்சர் கத்தினார். "சபையே நல்லா இருக்குன்னு சொல்லுது. ஐயர் சொல்றாரு, பேங்க் ஆபீஸர் சொல்றாரு, நீ சொல்ல வந்துட்டியா?"

"அவங்க சொல்லத்தான் சொல்வாங்க. உன்னாண்ட பயந்துகினு கீறாங்க அல்லாரும். எவன் வாயத் தொறப்பான்?"

"நீ பயப்படலியா?"

"எனுக்கு இன்னா பயம்? நீ எனுக்குப் பாடமா எட்த்த?"

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்தார். தூக்கிலிருந்து ஒரு விள்ளலை எடுத்து, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வாயில் போட்டார். பல்லுக்கு அடியில் ரப்பர் மாதிரி வழுக்கியது. உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தது. கருப்பட்டி வாசனையை முட்டை நாற்றம் தின்றுவிட்டிருந்தது. நாய் மோந்து பார்த்துவிட்டுப் போனது வெயிலால் இல்லை என்பது அப்போது புரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே அந்த நாய் உண்மையைச் சொல்லிவிட்டது. மனுஷர்களில் ஒருவர் சொல்லவில்லை.

கோபம் வந்தது. ஜெபராஜ் மேல் வந்தது, ஐயர் மேல், மூன்றாவது பெஞ்சு ஸ்டெபின் மேல் வந்தது. பொய்யர்கள், அத்தனை பேரும் பொய்யர்கள். ஆனால் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல எழுந்து நிற்க முடியவில்லை. 'எவன் வாயத் தொறப்பான்?' அந்தக் கேள்வி படியைவிட்டு நகர மாட்டேன் என்றது. ஸ்கேலை ஓங்கி ஓங்கி, பக்கத்தில் ஒரு ஆள்கூட உண்மையைச் சொல்ல மிஞ்சாதபடி செய்துவிட்டோம் என்று தோன்றியபோது, தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் பொங்கியது. வேதசிரோமணி ஒருத்தர்தான் பயப்படாதவர். அவர் போனதும் இந்த வீட்டில் குறை சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. அழுகையும் வந்தது. அழுதார்.

"அளுவாதம்மா," என்றாள் அங்காளம்மா. அவளுக்குக் கொஞ்சம் பேஜாராகத்தான் இருந்தது. "எவ்ளோ நேரம் வேக வெச்ச?"

"ரெண்டு மணி நேரம்."

"ரெண்டு மணி நேரமா! எறா ரெண்டு நிமிசம் கூட வெந்தாலே ரப்பராப் போவுது. நீ முட்டய ரெண்டு மணி நேரம் வேக வெச்சிக்கீறியே, அதுக்கு இன்னாதான் கணக்கு?"

கணக்கு! ஆறு முட்டைக்கு அரை மணி என்றால், இருபத்து நாலு முட்டைக்கு? நேர் விகிதம். நாலு மடங்கு. முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கு, ஒரு எழுத்து தப்பில்லை. ஆனால் பாத்திரம் பெரிசானால் கொஞ்ச நேரம் கூட வைக்கலாமே தவிர, நாலு மடங்கு வைத்தால் முட்டை செங்கல் ஆகாமல் என்ன ஆகும்? சபை அசந்து அசந்து பார்த்ததே, எப்படி நிக்குது பார் என்று, அது வெந்து கெட்டுப்போனதால்தான் நின்றது. நல்ல புட்டிங்காக இருந்தால் முதல் ஏலத்துக்கே சரிந்திருக்கும். தன் வீட்டுத் தூக்கில் இருபத்து நாலு வருஷம் ஆடிச் சரிந்ததைப் பார்த்தவர் தாமே என்பதும், நின்றதைப் பார்த்ததும் சந்தேகப்படாமல் பெருமைப்பட்டதும் டீச்சருக்கு அடுத்தடுத்து உறைத்தன.

"புதன்கிழமை வா," என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சும்மா வராத. பசியோட வா."

செவ்வாய்க்கிழமை ஜெபராஜ் போன் பண்ணினார். நடந்ததை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வருஷமும் டீச்சர் புட்டிங் கட்டாயம் வேண்டும், அதே மாதிரி கம்பீரமாக நிற்க வேண்டும் என்றார்.

"நிக்காது," என்றார் டீச்சர். "நிக்கணும்னா உங்க கடை சிமெண்ட்ல செஞ்சுக்கோங்க." ரிசீவரை வைத்த வேகத்தில் போன் ஒரு தரம் தானாக மணி அடித்தது.

புதன்கிழமை காலை ஆறு முட்டையை உடைத்தார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து சின்னத் தூக்கை எடுத்துத் துலக்கினார். காணிக்கை இல்லை, ஆகவே விரலை விட்டு ருசி பார்த்தார். அரை மணி. இறக்கியபோது தளதளவென்று ஆடியது. தட்டில் கவிழ்த்தபோது, பழைய காலத்தில் போலவே, ஒரு பக்கமாகச் சரிந்தது.

அங்காளம்மா ஒரு கரண்டி வாயில் போட்டாள். நல்லா கீது என்றோ, நாஸ்தி என்றோ சொல்வாள் என்று டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாவது கரண்டியை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். பிறகு, "எம்மவளுக்கு ஒரு கிண்ணம் குடு" என்று, எழுந்து போகும்போது கேட்டாள்.

மத்தியானம் ஸ்டெபினுக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் வந்து நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"உக்காரு. அன்னைக்குச் சாப்பிட்டது எப்படி இருந்தது? பொய் சொன்னா தெரியும்."

"நல்லா இல்ல டீச்சர்."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்தது டீச்சர்."

டீச்சர் தட்டை அவன் முன்னால் வைத்தார். அவன் ஒரு கரண்டி சாப்பிட்டான், நிமிர்ந்தான், இன்னொரு கரண்டி சாப்பிட்டான். முகம் மலர்ந்துவிட்டது. சொல்ல வாயைத் திறந்தவன், ஏதோ யோசித்து நிறுத்தினான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"என்ன? முழுங்காம சொல்லு."

"ரொம்ப நல்லா இருக்கு டீச்சர். நெஜமா. ஆனா..." கண்ணை இறுக்கிக்கொண்டான், அடி விழப்போகிறவன் மாதிரி. "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்."

டீச்சரின் கை, பழக்க தோஷத்தில், அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கப் பாதி தூரம் போனது. அங்கேயே நின்றது. தலைக்கு மேல் விமானம் ஒன்று வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது போகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

"அப்படியே எழுது," என்றார் பிறகு. "ஏலக்காய் தூக்கல்னு எழுது. ஒரு வார்த்தை மாத்தின, முட்டியைப் பேத்துடுவேன்."

தூக்கின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததையும் வழித்து அவன் தட்டில் போட்டார்.